அஷாரோ, நைஜீரிய யாம் மசியல்: எந்தக் கிழங்கு, எந்த எண்ணெய்?

சட்டிப்பானை:

அஷாரோ செய்து பார்க்க ஆசை. நைஜீரியாவின் யோருபா இனத்தார் வீட்டில் செய்யும் யாம் கிழங்கு மசியல். மிளகாய், வெங்காயம், பாமாயில், கருவாடு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்து, பாதி மசித்துச் சாப்பிடுகிறார்கள். படத்தில் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று இருக்கிறது.

நான் இருப்பது கோயம்புத்தூரில். யாம் என்று கேட்டால் கடைக்காரர் சேனைக்கிழங்கை எடுத்து வைக்கிறார். பாமாயில் என்றால் ரேஷன் பாக்கெட்தான். ‘கிரேஃபிஷ்’ என்று ஏதோ ஒரு தூள் போடுகிறார்கள், அது என்னவென்றே புரியவில்லை. மசிப்பதிலும் ஆளுக்கொரு கணக்கு: ஒருவர் முழுக்கக் கூழாக்குகிறார், இன்னொருவர் கரண்டியே படாமல் துண்டு துண்டாக விடுகிறார். நைஜீரியா, கானா பக்கம் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

லாகோஸ்வாசி:

சேனை வேண்டாம். அது சேம்பின் சொந்தக்காரன், குடும்பமே வேறு. இங்கே யாம் என்றால் டயஸ்கோரியா இனக் கொடியின் கிழங்கு. அதில் பல வகை உண்டு. அஷாரோவுக்கு எடுப்பது வெள்ளை யாம். தோல் பழுப்பாகச் சொரசொரப்பாக இருக்கும், உள்ளே வெள்ளை. ஒரு கிழங்கே இரண்டு மூன்று கிலோ தேறும்.

இபாதான்காரப் பாட்டி ஒருவர் எங்கள் குடியிருப்பில் இருந்தார். அவரிடம் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நாலு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு. தோலைத் தடிமனாகச் சீவுங்கள், ஒட்டிச் சீவினால் கை அரிக்கும். பெரிய துண்டும் சின்னத் துண்டும் கலந்து நறுக்கி உடனே தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். சின்னது முதலில் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும், பெரியது கடைசிவரை துண்டாக நிற்கும். செய்முறைகளில் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை, எல்லாம் ஒரே அளவில் நறுக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

கிழங்கு மூழ்கியும் மூழ்காமலும் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு 10 நிமிடம் வேகட்டும். அதற்குள் ததாஷே என்ற பெரிய சிவப்பு மிளகாய் இரண்டு (சிவப்புக் குடைமிளகாய் போதும்), அட்டா ரோடோ ஒன்று, வெங்காயம் ஒன்று, மூன்றையும் கொரகொரப்பாக அரைத்து ஊற்றுங்கள். அட்டா ரோடோ என்பது குண்டாகச் சுருங்கிய மிளகாய். காரம் உச்சிக்கு ஏறும், ஆனால் பழவாசனை அடிக்கும். கூடவே 100 மில்லி சிவப்புப் பாமாயில், வெந்நீரில் ஊறவைத்து முள் எடுத்த புகைக்கருவாடு (இங்கே பெரும்பாலும் கெளுத்தி), இரண்டு ஸ்பூன் கிரேஃபிஷ் தூள். மூடி வையுங்கள், கிளறாதீர்கள். கிழங்கு வெந்து தண்ணீர் பாதியாக வற்றியதும், மரக்கரண்டியின் முதுகால் பானையின் ஓரத்தில் வைத்து மூன்றில் ஒரு பங்கை நசுக்கிக் கிளறுங்கள். மாவுச்சத்தும் எண்ணெயும் சேர்ந்ததும் அந்தப் பளபளப்பு தானாக வரும். கடைசியில் நறுக்கிய உகு கீரை ஒரு பிடி. கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், ஆறினால் இறுகும்.

கிரேஃபிஷ் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். காய்ந்த பொடி இறால்தான். நம் சென்னாக்கூனியை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தால் வேலை முடிந்தது. உகு என்பது பூசணிக் குடும்பத்துக் கொடியின் இலை. இளம் பூசணி இலை கிடைத்தால் அது, இல்லாவிட்டால் பசலை.

ரேஷன் பாமாயிலைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அப்புறம் வருகிறேன்.

தேங்காய்க்கீற்று:

ஒரு கிழங்கு மசியலுக்கு இவ்வளவு கெடுபிடியா? நான் சேனையிலேயே செய்தேன். தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மிளகாய் அரைத்து ஊற்றி, புளி கொஞ்சம். வீட்டில் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். சமையல் என்றால் கிடைத்ததை வைத்துச் செய்வதுதானே? அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

லாகோஸ்வாசி:

ருசியாக இருந்திருக்கும், அதில் சந்தேகம் இல்லை. நல்ல சேனை மசியல் செய்திருக்கிறீர்கள். புளி, கடுகு, கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய் எல்லாம் இருக்கிற இடத்தில் அஷாரோவுக்கு மிச்சம் என்ன இருக்கிறது, பெயரைத் தவிர?

கிடைத்ததை வைத்துச் செய்வார்கள் என்பது உண்மைதான். கீரை மாறும், மீன் மாறும், தக்காளி போடுகிறவர்கள் உண்டு, போட்டால் முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. வாரக் கடைசியில் கையில் காசு குறைந்தால் மீனே இல்லாமல் மசாலாக் கட்டியை உதிர்த்துப் போட்டு இறக்கிவிடுவார்கள். ஆனால் கிழங்கும் சிவப்பு எண்ணெயும் மாறி நான் பார்த்ததில்லை. சட்டியில் இருப்பதே அந்த இரண்டும்தான்.

ஈஸ்ட்ஹாம்:

லண்டனில் இருக்கிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. எங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளிலேயே மரவள்ளிக்குப் பக்கத்தில் யாம் அடுக்கி வைத்திருப்பார்கள். கானாவிலிருந்து வரும் ‘புனா’ யாமைக் கேட்டு வாங்குங்கள், மாப்பிடிப்பு நல்லாய் இருக்கும். வாங்கும்போது இரண்டு நுனியையும் அழுத்திப் பாருங்கள், மெதுவாக இருந்தால் உள்ளே அழுகியிருக்கும். பெக்கம் பக்கம் போனால் புகைக்கருவாடு முதல் உகு வரை ஒரே தெருவில் முடித்துக்கொண்டு வரலாம். அட்டா ரோடோவின் வாசம் எங்கள் இலங்கை நை மிரிஸ் மிளகாய்க்குக் கிட்டத்தட்ட வரும். விதை எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் சரியான உறைப்பு.

சட்டிப்பானை, நீங்கள் இராசவள்ளிக் கிழங்கை யோசித்துப் பார்த்தீர்களா? யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கஞ்சி காய்ச்சுவோமே, அந்த ஊதாக் கிழங்கு. அதுவும் டயஸ்கோரியாதான். சேனையைவிட ஆயிரம் மடங்கு கிட்டத்து உறவு.

வேளாண்மாணவன்:

ஈஸ்ட்ஹாம் அக்கா சொல்வது சரி, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லாகோஸ்வாசி அண்ணன் சொல்வது டயஸ்கோரியா ரோட்டுன்டேட்டா. இராசவள்ளி டயஸ்கோரியா அலாட்டா. இதைத்தான் அங்கே நீர் யாம் என்கிறார்கள். முதலாவது மேற்கு ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தது. 2019இல் வெளியான மரபணு ஆய்வு, காட்டில் வளரும் ஒரு யாம் இனத்திலிருந்து நைஜர் ஆற்றுப் படுகைப் பகுதியில் மனிதர்கள் இதைப் பயிராக்கினார்கள் என்று காட்டியது. இரண்டாவது ஆசியக் கிழங்கு, கடல் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு உலகத்து யாமில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஐவரி கோஸ்ட் தொடங்கி கானா, டோகோ, பெனின், நைஜீரியா, கேமரூன் வரை நீளும் ஒரு பட்டையில் விளைகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில் மட்டும். இவ்வளவு விளைந்தும் மலிவு கிடையாது. கிழங்கையே வெட்டி நட வேண்டும் என்பதால் அறுவடையில் கால் பங்கு, சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை அடுத்த விதைப்புக்கு ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது. தின்ன வேண்டியதை மண்ணில் புதைக்கிற கணக்கு. அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். முதலில் பெரிய கிழங்கைப் பக்குவமாகத் தோண்டி எடுத்துவிட்டு வேரைத் திரும்ப மூடிவிடுவார்கள். அதே கொடியில் மறுபடி சின்னக் கிழங்குகள் பிடிக்கும். அவை விதைக்கு.

மேடு கட்டி நட்டு, கொம்பு ஊன்றிக் கொடியேற்றி, ஆகஸ்டில் புதுக் கிழங்கு வரும்போது நைஜீரியாவின் இக்போ இனத்தார் ஊர்களில் இரி ஜி என்று விழாவே எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் புது யாமை வாயில் வைக்கக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு.

சட்டிப்பானை:

புதுக் கிழங்கா, பழசா? எது மசியலுக்கு நல்லது?

லாகோஸ்வாசி:

யாமை உரலில் இடித்து உருண்டையாக்கிச் சாப்பிடுகிறார்களே, அதற்குத்தான் பழைய கிழங்கு கட்டாயம். புதுசில் நீர் அதிகம், இடித்தால் கட்டி கட்டியாக நிற்கும். அஷாரோவுக்கு எதுவும் சரி. புதுசு என்றால் தண்ணீரைக் குறையுங்கள். பழசில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருப்பதால் இனிப்பு தூக்கலாக இருக்கும், அந்த இனிப்பு காரத்தோடு சேரும்போது எனக்குப் பிடிக்கும்.

யோருபாவில் ஒரு சொலவடை உண்டு: இடித்த யாம்தான் சாப்பாடு, யாம் மாவுக் களி மருந்து, ஒன்றுமே இல்லாவிட்டால் சோளக்கூழ், வாய் சும்மா இருக்காமல் இருக்கப் பொரிசோளம். இந்த வரிசையில் அஷாரோவுக்கு இடமே இல்லை. விருந்தில் முன்னால் வைக்கிற பண்டம் இல்லை அது. இடிக்க ஆள் இல்லாத நாளில், பிள்ளைகள் பசி என்று நிற்கும் நேரத்தில் செய்வது.

இப்போது எண்ணெய். ரேஷனில் வருவது சுத்திகரித்த பாமாயிலின் திரவப் பகுதி. வெளுக்க வைத்து, வாசனை நீக்கி, பொரிப்பதற்கென்றே தயாராவது. இங்கே சமையலில் ஊற்றுவது செம்பனை என்ற எண்ணெய்ப்பனையின் பழத்தை வேகவைத்துப் பிழிந்த எண்ணெய். கேரட்டில் இருக்கிற அதே கரோட்டின் இருப்பதால் செக்கச்சிவப்பு. பாதி உறைந்த மாதிரி நிற்கும். வாசனை முதல் தடவை பிடிக்காமலும் போகலாம். இதைப் புகையும் வரை காய்ச்சினால் நிறம் போய்விடும். சில குழம்புகளுக்கு வேண்டுமென்றே அப்படி வெளுக்க வைப்பார்கள், அஷாரோவுக்குக் கூடாது. பச்சையாகவே வேகிற கிழங்கில் ஊற்ற வேண்டும்.

கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். தாத்தா காலத்தில் ரப்பர், அப்பா காலத்தில் செம்பனை. எங்கள் லைன் வீட்டைச் சுற்றிச் செம்பனை மரம்தான். குலை வெட்டி லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்புவோம். ஆனால் இப்படிச் சிவப்பு எண்ணெயில் சமைத்ததை எங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ நான் பார்த்ததே கிடையாது. கடையில் வாங்குவது மஞ்சள் எண்ணெய்தான். இந்த இழையைப் படித்த பிறகுதான் பழத்திலிருந்து வரும்போது அது சிவப்பு என்பதே உறைக்கிறது.

இந்த மரமும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். 1848இல் ஜாவாவில் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளின் வம்சம்தான் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பரவியது என்பார்கள். மலாயாவில் வணிகத்துக்காக முதலில் செம்பனை நட்டது 1917இல், சிலாங்கூரில். அந்தத் தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம்! அப்புறம் 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவரை கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது, பின்னால் வண்டு பார்த்துக்கொண்டது.

தேங்காய்க்கீற்று:

சரித்திரம் எல்லாம் சரி. 100 மில்லி பாமாயிலை நாலு பேர் வயிற்றில் இறக்குவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? இதயத்துக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

ஈஸ்ட்ஹாம்:

தம்பி, பாமாயிலில் நிறைகொழுப்பு ஏறத்தாழ பாதி. நீங்கள் தாளித்த தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல். அளவாய் ஊற்றுங்கள் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னால் எப்படி?

கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. நிறம் தூக்கலாகக் காட்டச் சூடான் சாயம் கலந்த எண்ணெய் கானாவில் 2015இல் பிடிபட்டது. அது உணவில் சேர்க்கக்கூடாத சாயம். அதனால் லேபிள் இல்லாத போத்தலில், கண்ணைப் பறிக்கும் சிவப்பில் விற்றால் வாங்காதீர்கள்.

மட்டுறுத்துநர்:

எண்ணெய்ச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. கிழங்குக்குத் திரும்புங்கள்.

வாத்தியார்மகள்:

எழுபதுகளின் கடைசியில் நைஜீரியாவில் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் நம் ஊரிலிருந்து நிறையப் பேர் போனார்கள். அப்பாவும் ஒருவர், வடக்கே கடுனா பக்கம். அங்கே ஹவுசாக்காரர்கள் இதே மாதிரி ‘ஃபத்தென் தோயா’ என்று செய்வார்கள். தோயா என்றால் யாம். கீரை அதிகம், இளக்கம் அதிகம்.

நாங்கள் சைவம். கருவாடும் பொடி இறாலும் போடாமல் இது என்ன ருசி வரும் என்று அம்மா முதலில் தொடவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் தத்தவா கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மரத்தின் விதையை வேகவைத்து, தோல் நீக்கி, மூடி வைத்துப் புளிக்க வைத்த கறுப்பு உருண்டை. யோருபாவில் ‘இரூ’ என்பது இதுதான். டப்பாவைத் திறந்தால் வீடே நாறும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கொதியில் விழுந்து பத்து நிமிடம் போனால் அந்த நாற்றம் ஆழமான ஒரு ருசியாக மாறிவிடும். சைவத்தில் செய்கிறவர்கள் மீனை எடுத்துவிட்டுச் சும்மா விடாதீர்கள், இதைத் தேடிப் பிடியுங்கள். காய்ந்ததாக வாங்கினால் மாதக்கணக்கில் இருக்கும்.

சட்டிப்பானை:

மசிக்கிற கணக்கை இன்னும் யாரும் தீர்த்துவைக்கவில்லை.

லாகோஸ்வாசி:

ஊருக்கு ஊர் வேறு, அதனால்தான் நீங்கள் பார்த்த செய்முறைகள் ஒத்துப்போகவில்லை. யோருபா வீடுகளில் நன்றாக மசிப்பார்கள், ஆனாலும் துண்டு தட்டுப்பட வேண்டும். இக்போ வீடுகளில் மசிப்பது குறைவு. சாறு துண்டைப் பூசியிருந்தால் போதும், மேலே உத்தாசி என்ற கசப்பு இலையை மெல்லியதாக நறுக்கித் தூவுவார்கள். கானாவில் ‘ம்போட்டோம்போட்டோ’ இன்னும் தளர்வு, கரண்டியால் அள்ளிக் குடிக்கலாம். யாமுக்குப் பதில் சேம்பு வகையிலும் செய்வார்கள், உப்புப் போட்ட திலாப்பியாக் கருவாடு சேரும்.

எண்ணெயே இல்லாத ஒன்றும் இருக்கிறது. இக்போக்காரர்கள் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் ‘ஜி ம்மிரி ஓகு’. யாம் துண்டுகளும் மீனும் மிதக்கும் கார ரசம், உதா என்னும் மருந்துச் சரக்குப் போட்டது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வைப்பார்கள். அதில் மசித்தால் மாமியார் சண்டைக்கு வருவார்.

அதனால் எது சரி என்று கேட்காதீர்கள், யார் வீட்டு முறை என்று கேளுங்கள்.

நாஞ்சில்காரர்:

தாமதமாக வந்தேன். சட்டிப்பானை, உங்களுக்கு வெள்ளை யாம் கோயம்புத்தூரில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் எங்கள் நாகர்கோவில் சந்தையில் மார்கழி, தை மாதங்களில் காச்சில் கிழங்கு குவியும். பாலக்காட்டுப் பக்கமும் திருவாதிரைக்குப் புழுக்கு வைக்க வாங்குவார்கள், உங்களுக்கு அது கிட்டம். வெள்ளையும் உண்டு, ஊதாவும் உண்டு. சில இடங்களில் பெருவள்ளி என்பார்கள். இது இலங்கை இராசவள்ளியின் இனம்தான். இதில் அஷாரோ வருமா?

லாகோஸ்வாசி:

காச்சில் கிடைக்கிறது என்றால் கதையே மாறுகிறது! இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அஷாரோ வேண்டாம். நீர் யாமில் அது சரியாக வராது, மாப்பிடிப்பு இல்லாமல் சளசளவென்று போகும். இகோகோரே செய்யுங்கள். லாகோஸுக்கு வடகிழக்கே இருக்கிற இஜெபுக்காரர்களின் பண்டம், நீர் யாமுக்கென்றே உண்டானது. நான் அஷாரோவைவிட ஒரு படி மேலே வைப்பேன். இதைச் சொன்னால் என் இபாதான் பாட்டி என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

அதே மிளகாய் அரைப்பு, அதே சிவப்பு எண்ணெய், புகைக்கருவாடு, பொடி இறால். தண்ணீர் தாராளமாக விட்டுக் கொதிக்க விடுங்கள். கிழங்கைத் தோல் சீவித் துருவியின் மிகச் சின்னக் கண்ணில் துருவுங்கள். மிக்ஸி வேண்டாம், தண்ணீர் சேர்ந்துவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அரிக்கும். துருவியது வழுவழுவென்று பிசின் மாதிரி வரும், பயப்படாதீர்கள், அது இந்தக் கிழங்கின் குணம். உப்பு கலந்து, கொதிக்கிற சாற்றில் விரல் நுனியால் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போடுங்கள். தீயைக் குறைத்து மூடி, கால் மணி நேரம் தொடவே கூடாது. முன்னதாகக் கிளறினால் எல்லாம் கரைந்து பசை. கிள்ளிப் போட்டது வெந்து இறுகியதும் ஒரே ஒரு தடவை அடியிலிருந்து புரட்டுங்கள். பாதி கரைந்து சாறு கெட்டியாகும், பாதி மெத்தென்ற உருண்டையாக நிற்கும்.

தேங்காய்க்கீற்று:

அப்போது கிழங்கு கிடைத்தபடி பண்டத்தை மாற்றலாம், பண்டத்துக்காகக் கிழங்கை மாற்றக்கூடாது. அப்படித்தானே?

லாகோஸ்வாசி:

அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு மட்டும் தாளிக்காதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்:

ஊதா இராசவள்ளியில் செய்தால் நிறம் எப்படி இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். ஊதாவும் செம்பனைச் சிவப்பும் சேர்ந்தால் சேற்று நிறம் வரும் போலிருக்கிறது. வெள்ளைக் காச்சிலே எடுங்கள். ஊதாவைக் கஞ்சிக்கு வையுங்கள், அதற்குத் தேங்காய்ப்பால்தான் மரியாதை.

சட்டிப்பானை:

எல்லோருக்கும் நன்றி. பாலக்காட்டில் மாமா இருக்கிறார், மார்கழியில் காச்சில் அனுப்பச் சொல்கிறேன். சிவப்பு எண்ணெய் இணையத்தில் இறக்குமதி போத்தல் ஒன்று பார்த்தேன், விலை கொஞ்சம் கடிக்கிறது, பரவாயில்லை. கடைசியாக ஒன்று. கிழங்கு பெரிதாக வந்தால் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேளாண்மாணவன்:

முழுக் கிழங்கை வைக்கவே வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கி உள்ளே பழுப்பாகி அழுகும். காற்றோட்டமான நிழலில், தரையில் படாமல் வையுங்கள். அங்கே களத்துமேட்டில் கம்பு நட்டு ஒவ்வொரு கிழங்காகக் கயிற்றில் கட்டி வைப்பதும் அதற்காகத்தான். வெட்டிய கிழங்கு என்றால் வெட்டுப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள், காய்ந்து மேலே ஒரு தோல் கட்டும். அடுத்த தடவை அந்த ஒரு சீவலை எடுத்து வீசிவிட்டு மிச்சத்தைத் துருவலாம்.